அப்பா கைப் போணி

அப்பா மிளகுக் குத்தகைக்காரர். ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டுகளில் மிளகு பச்சையாகக் கொடியில் தொங்கும்போதே விலை பேசி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார். பிறகு மகசூலும் நஷ்டமும் அவருடையது. ஒரு வருஷம் மழை விடவே இல்லை. கொடிகள் வேரோடு அழுகின. அவர் கொடுத்திருந்ததோ சேலத்து வியாபாரிகளிடம் வாங்கிய கடன். கடைசியில் கோர்ட்டில் திவால் மனு போட்டார். ஊர்ப் பேச்சில் அதற்கு மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்று பெயர். நாமம் போடுவது என்றும் அர்த்தம்.

நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வக்கீலிடம் கேட்டபோது, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, மிச்சக் கடனிலிருந்து ஆளை விடுவிப்பார்கள், இது தண்டனை இல்லை, ஒரு ஏற்பாடு என்றார். வீடும் ஜீப்பும் போயின. எனக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளதையெல்லாம் கொடுத்தவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதுதான் எரிச்சலாக இருந்தது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. போணியில்தான் காட்டினார்கள். விடிந்ததும் டீக்கடைக்கு முதல் ஆளாகப் போவது அப்பாவின் வழக்கம். கையில் காசை வைத்துக்கொண்டு நிற்பார். "கொஞ்சம் இருங்க, போணி ஆவட்டுங்க" என்பார் கடைக்காரர், மரியாதை குறையாமல். நொடித்தவர் கையால் அன்றைய முதல் காசை வாங்கினால் கடையும் நொடித்துவிடுமாம். வேறு யாராவது வந்து டீ வாங்கும்வரை அப்பா பனியில் நிற்பார். மளிகைக் கடையிலும் இதே கதைதான்.

சில வருஷம் கழித்து, அவரைக் கடன்களிலிருந்து விடுவித்து கோர்ட் உத்தரவு போட்டது. மறுநாள் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அன்றைக்கும் நிற்கவைத்தார்கள். அதன் பிறகு அவராகவே நேரம் கழித்துப் போக ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் காபித்தூள் கடை போட்டேன். திறந்த அன்று காலையில் அப்பா வந்து கடையைக் கூட்டினார், மெஷினைத் துடைத்தார், பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏன் என்று போய்க் கேட்டேன்.

"மொதல்ல வேற யாராச்சும் வாங்கட்டும் கண்ணு. நொம்ப ஆசையா ஆரம்பிச்சிருக்கற."

நான் கடைக்குத் திரும்பும்போது ஒரு பஸ் கண்டக்டர் வந்து கால் கிலோ கேட்டார். இன்னும் போணி ஆகவில்லை, கொஞ்சம் இருங்கள் என்றேன். நான் வாங்கினால் அதுதானே போணி என்று சிரித்தார்.

"எங்கப்பா வாங்கோணுங்க" என்றேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

கண்டக்டருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். யாருக்கும் நான் பொட்டலம் கட்டவில்லை. அடுத்தவர் காத்திருப்பதைப் பார்க்க அப்பாவால் முடியாது. ரோட்டைக் கடந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஐம்பது கிராம் கேட்டார். காசை மேஜையில் வைத்தார். நான் கையை நீட்டியபடியே இருந்தேன். எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று வியாபாரம் சுமார்தான். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கப் போனபோது அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் காசோடு.