குவாலிக்குள் நாலு நெரை

அடியில் ஆணியால் துளை போட்ட பால் டின்னுக்குள் மரவள்ளி மாவைத் திணித்து, பாட்டிலின் அடியால் அழுத்துகிறாள் ராக்காயி. கீழே குவாலி என்கிற இரும்புச் சட்டியில் கொதிக்கும் தண்ணீருக்குள் மாவு இழை இழையாக, மீயாக இறங்குகிறது. "ரயிலு வருது, ரயிலு வருது" என்று முன்பெல்லாம் மகள் பாப்பாவுக்கு வேடிக்கை காட்டுவாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆண்களை லாரியில் ஏற்றத் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். இப்போது, "மழை வருது பாரு."

மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் கூலிகள். வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். ஜப்பான்காரன் வந்தபின் அரிசியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. தினமும் அவளிடம்தான் கொள்ளி வாங்கி என் அடுப்பை மூட்டுவேன். அதனால் அவள் சமையல் எனக்கு மனப்பாடம்.

எல்லாம் ஒரே குவாலி. முதலில் கருவாடு விழும். என்றைக்கோ ஒருநாள் லாப்சோங். பன்றி இறைச்சியைக் குடலில் அடைத்துச் சீனர்கள் காயவைப்பது அது. ராக்காயிக்கு வெறும் "சோங்கு". பால் வெட்டிப் பழகிய கையல்லவா, மரப்பட்டையைச் சீவுவதுபோலச் சாய்வாகத்தான் அதையும் அரிவாள். அது விடும் கொழுப்பில் கத்தரிக்காயும் பயற்றங்காயும் வதங்கும். பிறகு தண்ணீர், மீ, கடைசியில் வள்ளிக்கொடிக் கொழுந்து. "நாலு சட்டியில ஆக்கலாம்லா அக்கா. கழுவுறதுக்குச் சவுக்காரம் நீங்க தாறீங்களா?" என்பாள்.

ஆக்கி முடித்ததும் கரண்டி விளிம்பால் குவாலிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பாள். நாலு பங்கு. ரப்பர் காட்டில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், பால் வெட்ட ஒருவருக்குப் பிரித்துவிடும் மரவரிசைக்கு நெரை என்று பெயர். இவள் சோற்றுப் பங்குக்கும் அதே பெயர்தான். புருஷன் சதாசிவத்துக்கு ஒரு நெரை, தம்பி பத்துமலைக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. "கிராணி பிரிச்ச நெரையில கோணல் இருக்கும். ஏ நெரையில இருக்காது." சோங்கில் ஒரு துண்டு மிஞ்சினால் பல்லால் கடித்து நாலாக்கிப் போடுவாள்.

"ஏ மரத்துல பாலு கம்மியா இருக்கே, மண்டோரம்மா" என்று அவளைக் கங்காணியாக்கிச் சதாசிவம் சீண்டுவான்.

"அடுத்தவன் நெரையில கண்ணு வைக்காதீங்க. கூலிக் கணக்குல பேரு வெட்டிருவேன்!"

சென்ற வாரம் ஒரு சாயங்காலம். வீட்டுக்கு ஓர் ஆண் சயாமுக்குப் போகவேண்டும், யார் என்பதை வீட்டாரே முடிவு செய்யலாம், மறுநாள் விடிந்ததும் லாரி வரும் என்று அன்று காலையே ஜப்பான்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் கொள்ளிக்குப் போனபோது பத்துமலையும் சதாசிவமும் ஆளாளுக்குத் தானே போவதாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க படுங்க மச்சான். குளிர்காய்ச்சல்ல நடுங்குற ஆளு அங்க போயி மண்ணு சுமக்கப் போறீங்களா?"

"நீ கல்யாணம் ஆவாதவன்டா. சாகுறப்ப ஒன்னைய இவ கையிலதான கொடுத்துட்டுப் போச்சு ஒங்கம்மா?"

உண்மைதான். பத்துமலையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் ராக்காயி. அவள் சுண்டு விரலைப் பிடிக்காமல் அவன் தூங்கமாட்டானாம். இன்றைக்கும் சொல்லிக் கேலி செய்வாள்.

இருவரும் ஒருசேர அவளைப் பார்த்தார்கள். "நீயே சொல்லு."

"மொதல்ல சாப்பிடுங்க."

யாரிடமும் எதையும் கேட்காதவள், அன்று மத்தியானம் காய்கறித் தோட்டத்துச் சீனத்தியிடம் போய் வாய்விட்டுக் கேட்டு ஒரு சோங்கு வாங்கி வந்திருந்தாள். எப்போதும்போலக் கோடு கிழித்தாள். தட்டுகளில் பங்கு விழுந்தது. சதாசிவத்தின் தட்டில் மீயும் கீரையும். பாப்பாவுக்கும் அப்படியே.

"மாமாவுக்கு மட்டும் அத்தனை சோங்கா?" என்றாள் பாப்பா.

சதாசிவத்தின் கை பாதியில் நின்றது. பிறகு அவன் தலை தூக்கவில்லை.

பத்துமலை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புத் துண்டுகள் மீயை மறைத்துக் கிடந்தன. "பாத்தீங்களா மச்சான், ஏ நெரையிலதான் பாலு ஊத்துது" என்று சிரித்துப் பார்த்தான். இரண்டு துண்டை எடுத்துப் பாப்பாவின் தட்டில் போட்டான். ஒன்றை வாயில் வைத்து வெகுநேரம் மென்றான்.

"அப்போ போறது நான்தானாக்கா?"

ராக்காயி குவாலியை இரு கையாலும் தூக்கிக்கொண்டு, கழுவுவதற்காகப் பின்வாசல் வழியே வெளியே போனாள். அவளுடைய நெரை அதிலேயே இருந்தது.