யாருக்கும் போகாத கல்வீடு

மலாயாவில் அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய காலம். தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி அடைத்து முடிந்த பிறகு, அடைமழைக்கு முன். நடந்த வரிசை இதுதான், நினைவில் பலமுறை சரிபார்த்துவிட்டேன். கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணி, கணக்கெழுதுபவன். பால் நிறுக்கக் காத்திருக்கும் பெண்களுக்கு, நான் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க நாவலைத் தினமும் கொஞ்சம் சொல்வேன். மாளிகை, மோட்டார், ஆலை எல்லாம் உள்ள ஒருவன், இவையெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் வீட்டைவிட்டு இறங்கிப் போகிறான்.

"வயிறு நெறஞ்சவனுக்கு வர்ற வியாதி லா அது, கிராணி ஐயா," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். இன்னொருத்தி மட்டும், அவன் போனபின் வீட்டிலிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். நாவலில் அது இல்லை. அவளுடைய தம்பி, எங்கள் தோட்டத்தில் புல்வெட்டியவன், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து போயிருந்தான்.

அந்த வாரமே வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி அவளைத் தேடி வந்தார். தம்பி வந்துபோகும் வழியைச் சொன்னால் சிரம்பான் டவுனில் அவளுக்கு ஒரு கல்வீடு என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். கல்வீடு என்பதை வேண்டியதைவிட இனிப்பாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவளுடைய லயத்து அறை ஒழுகும். வேண்டாம் என்றாள்.

பிறகு எத்தனையோ அமெரிக்கக் கதைகள் படித்தேன். பொருளை உதறிவிட்டு அர்த்தம் தேடிப் போகிறவர்கள். உதறுவதற்கு அவர்களிடம் ஏதாவது இருந்தது.

மழை பிடித்த பிறகு, டவுன் போலீஸ் நிலையத்து முன், காட்டோரம் சுட்டுக் கொன்ற ஒருவன் சடலத்தைக் கிடத்தியிருந்தார்கள். அடையாளம் காட்ட அவளை லாரியில் கொண்டுபோனார்கள், மொழிபெயர்க்க என்னையும். எங்கள் லயத்திலேயே யாரோ துப்புக் கொடுத்திருந்தார்கள். இவன்தான் என்று அக்காள் சொல்லிவிட்டால் வீடு துப்புக் கொடுத்த ஆளுக்கு என்றார் அதிகாரி. அதையும் தமிழில் சொன்னேன்.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ. எனக்குத் தெரியாதுங்க."

மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அதான் சொன்னேனே, ஐயா."

எனக்கும் அந்த முகம் தெரியும். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தினமும் அவன் பேரைக் கூப்பிட்டவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆள் தெரியாத பிணமென்று எங்கோ புதைத்தார்கள். அவள் அழ முடியாது, கருமாதி செய்ய முடியாது. துப்புக் கொடுத்த கண்கள் லயத்தில் எந்த வாசலிலிருந்து பார்க்கின்றன என்று தெரியாது. மறுநாள் பெரட்டுக்குத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன் அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றவள் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். தீபாவளி வரை ஒருநாளும் அவள் தலையில் பூ இல்லாமல் இல்லை.