ஆறு ஜன்னலுக்கு என்ன விலை கொடுக்கலாம்

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் ஒரு சித்திரை மாதக் காற்றில் தானாகவே கழன்று தெருப்பக்கம் விழுந்தது. நான் உள்ளே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. கரையான் தின்ற மரத்துக்குச் சத்தம் போடத் தெம்பு ஏது? என் கணவர் மற்ற ஐந்து ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் அப்பளம்.

"மொத்தமா மாத்திட வேண்டியதுதான்" என்றார்.

அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். நான் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். எங்கள் இருவர் வேலையிலும் பேரம் என்ற பேச்சே கிடையாது. மேல்மலையனூருக்கு டிக்கெட் இவ்வளவு என்றால் இவ்வளவுதான். அம்மனிடம் போகிறவர்களுக்கும் அதேதான், மாடு வாங்கப் போகிறவர்களுக்கும் அதேதான். மாத்திரை அட்டையின் பின்னால் விலை அச்சடித்திருக்கும். படித்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை. வருடக் கணக்கில் இப்படியே பழகிவிட்டதால், அச்சடிக்காத விலை எதைக் கண்டாலும் எங்கள் இருவருக்கும் லேசாகப் படபடப்பு வந்துவிடும். தேங்காய்கூட விலை எழுதி வைத்திருக்கிற கடையில்தான் வாங்குவோம்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு ஜன்னல் மாற்றுகிற வேலை வந்து சேர்ந்தது.

திண்டிவனம் சாலையில் யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்கிற கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். போன் செய்த மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஜன்னலைப் பார்த்து "ஐயையோ" என்றார். பிறகு அளவு டேப்பை எடுத்து, ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார்.

"எல்லாம் ஒரே சைஸ்தானே மேடம். ஒண்ண அளந்தா போதாதா?" என்று கேட்டேன்.

"உங்க வூட்டு கொத்தனாரு அப்படி நெனச்சி கட்டலயே" என்றார், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் மதிப்பீடு வந்தது. எண்பத்திரண்டாயிரம். சட்டம், கண்ணாடி, கொசு வலை, கிரில், பழைய ஜன்னலைப் பெயர்த்தெடுக்கும் கூலி, பூச்சு வேலை என்று வரி வரியாகப் போட்டிருந்தார். என் கணவர் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கிட்டத்தில் வைத்துப் படித்தார். எப்படிப் பிடித்தாலும் அதே தொகைதான் தெரிந்தது.

"இது நியாயமா, இல்லியா?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வாரம் முழுக்க எனக்கு வாய்த்த ஆலோசகர்களைச் சொல்லி மாளாது. எங்கள் கடை முதலாளி, "பாதியில இருந்து ஆரம்பிம்மா" என்றார். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர், "கண்ணாடிக்கா இவ்ளோ? தங்கத்துல செய்யறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர் வீட்டு அம்மா எழுபதுக்கு முடிக்கலாம் என்றார். அவர் வீட்டில் ஜன்னல் மாற்றியதே இல்லை. எல்லோருக்கும் தொகை மட்டும்தான் தெரிந்தாகவேண்டியிருந்தது. அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதுவரை யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது இன்னொரு ஆள். ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"ஆறு ஜன்னலா? நாப்பத்தஞ்சு குடுங்க, முடிச்சிடலாம்" என்றார்.

நாற்பத்தைந்து என்றதும் எனக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. "வந்து அளக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ்தாங்க."

"கண்ணாடி எத்தன எம்எம்?"

"நல்ல கண்ணாடிங்க."

"கொசு வலை?"

"அது தனி."

"கிரில்?"

"அதுவும் தனி."

"பழைய ஜன்னல எடுக்கறது, செவுத்தப் பூசறது?"

"அது உங்க வேலைங்க" என்றார், நானே அதைக் கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல.

போனை வைத்துவிட்டு, அவர் வெளியே தள்ளியதையெல்லாம் கடையம்மாவின் மதிப்பீட்டில் இருந்த விலைப்படி ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து மெல்ல மெல்ல ஏறி எண்பதைத் தொட்டது. விலை குறைவாக இருந்தது வேறு எதனாலும் இல்லை. சொல்லாமல் விட்டது அதிகமாக இருந்ததால்தான். இது புரிந்தபோது பெரிய சந்தோஷமாக இருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அவலூர்பேட்டையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. "ஏம்மா, வூட்லயே ஆள வச்சிக்கினு கடைக்காரிகிட்ட போறியா?" என்றார். அவருடைய கொழுந்தனார், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, அங்கே ஜன்னல் பட்டறைதான் வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஜன்னல்களைச் சுற்றிப் பார்த்தார், கிரில் கம்பியைப் பிடித்து ஆட்டினார், காபி குடித்தார். "எவ்ளோ ஆவும் தம்பி?" என்று கேட்டேன்.

"நமக்குள்ள இன்னாக்கா கணக்கு? முடிச்சப்புறம் பாத்துக்கலாம்."

எண்பத்திரண்டாயிரத்தைவிட இந்த வாக்கியம்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. என் கணவருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. தம்பி போனதும், "பாத்தியா?" என்றார்.

"இன்னாத்த பாக்கறது? வெலையே சொல்லல."

"சொந்தக்காரன்மா. ஏமாத்தவா போறான்?"

"ஏமாத்த மாட்டான். நாம குடுக்கறது கம்மியா ஜாஸ்தியான்னு நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உங்க அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லுவாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் அக்காவைச் சொன்னதால் அல்ல, நான் சொன்னது சரியாக இருந்ததால் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று முழுக்க என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார்.

அடுத்த விடுமுறையன்று நான் பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போனேன். அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குப் போனேன். தம்பி அறுவை இயந்திரத்தில் சட்டம் வெட்டிக்கொண்டிருந்தார். தலை, புருவம் எல்லாம் வெள்ளைத் தூள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "இன்னாக்கா, ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல தம்பி. நீ செய்யறியோ இல்லியோ, எனக்கு வெலய சொல்லு. முன்ன பின்ன தெரியாத ஆளு வந்தா இன்னா சொல்லுவியோ, அத சொல்லு."

அவர் முகம் வாடியது. "அப்படி சொன்னா நல்லாருக்காதுக்கா. அண்ணி இன்னா நெனப்பாங்க?"

"சொல்லாட்டி நான் இன்னா நெனப்பேன்னு யோசிச்சியா?"

அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மைய சொல்லட்டுமாக்கா? சொந்தக்காரங்க வேலன்னாலே எனக்கு பயம். வெல கேட்டா கோச்சிப்பாங்க. முடிச்சப்புறம் அவங்களா ஒரு தொகைய கையில வச்சி அமுக்குவாங்க. அவங்க எதுருல எண்ணிக்கூட பாக்க முடியாது. அதனால முன்னாடியே சட்டத்த கொஞ்சம் லைட்டா போட்டுடுவேன், கண்ணாடியும் மெல்லிசு. கையக் கடிக்காம இருக்கணும்ல?"

"எங்க வூட்டுக்கும் அதான் போட்டிருப்பியா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆமாங்கா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். புருவத்திலிருந்து தூள் உதிர்ந்தது. டீ வரவழைத்தார். அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது.

கடையம்மாவின் மதிப்பீட்டை நான் காட்டவில்லை. அளவுகளை மட்டும் படித்துச் சொன்னேன். அழுத்தமான சட்டம், ஐந்து எம்எம் கண்ணாடி, வலை, கூலி, பூச்சு என்று வெளியாளுக்குப் போடுகிற கணக்கையே போட்டார். எழுபத்தாறாயிரத்துச் சொச்சம் வந்தது. கிரில் சேர்க்கவில்லையே என்றேன். "அது எதுக்கு? உங்க பழைய கிரில் ராஜா மாதிரி இருக்குது. மரம்தான் போச்சு, இரும்பு போவல. சுரண்டி பெயின்ட் அடிச்சா இன்னும் ஒரு தலமுறைக்குத் தாங்கும்" என்றார். கிரில் இல்லாமல் எங்கள் ஊரில் ஜன்னல் வைக்க முடியாது. கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் அதை வாசல் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் புதிதாகத்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கடையம்மாவின் கணக்கில் கிரிலைக் கழித்துப் பார்த்தேன். எழுபத்து நான்கு வந்தது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர், இரண்டு ஊரில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்ததுபோல மனசு அடங்கியது. அப்புறம்தான் போனை அவரிடம் நீட்டினேன். வரி வரியாகப் படித்துவிட்டு, "அவங்ககிட்டயே குடுத்துடுக்கா" என்றார்.

"ஏன், நீ செய்யேன். அதான் வெல பேசியாச்சே."

"வேணாங்கா. நாளைக்கு ஒரு ரப்பர் கழண்டாலும் குடும்பமே என்னக் கூப்பிட்டு விசாரிக்கும். அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன், ஆர்டர் நெறய இருக்குதுன்னு."

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே கடையம்மாவுக்குப் போன் செய்து, கிரிலை எடுத்துவிடச் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பழச வச்சி துரு வந்தா எம்மேல பழி சொல்லக் கூடாது" என்றார். துரு என் பொறுப்பு என்றேன். சரி என்றவர், போனை வைக்காமல் இருந்தார்.

"அவ்ளோதானா மேடம்? இன்னும் கொறைக்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"சொன்னா கொறைப்பீங்களா?"

"கொறைப்பேன். கண்ணாடியில கொறைப்பேன்."

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

வேலை நடந்த அன்று பழைய சட்டங்களைப் பெயர்த்தபோது படுக்கையறை ஜன்னல் துவாரம் மேலே இருப்பதைவிடக் கீழே இரண்டு விரல் கூடுதல் அகலமாக இருந்தது தெரிந்தது. ஸ்டாண்டர்ட் சைஸ்காரர் வந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. புதுச் சட்டம் அதில் பிசகாமல் உட்கார்ந்தது. பூச்சு முடிந்து, கண்ணாடியின் ஸ்டிக்கர்களை உரித்த கையோடு என் கணவர் ஜன்னல்களை மூடிவிட்டுப் படுத்தார். மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவர். தெருவில் லாரி போனது. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. இந்த வீட்டில் அவர் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அண்ணி வந்தார். ஒவ்வொரு ஜன்னலையும் தள்ளித் தள்ளித் திறந்து மூடினார். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "ஏமாந்துட்ட" என்றார். நான் மறுக்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு, பேசி, கிளம்பி, செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடைக்காரி நம்பர் குடு. சமையக்கட்டு ஜன்னல் ஒண்ணு மாத்தணும்" என்றார்.

"வூட்லயே ஆளு இருக்குதே அண்ணி?"

"எங்க? அவன் வெலயே சொல்ல மாட்டேங்கறான்மா. நானும் எத்தினி வாட்டி கேக்கறது? டென்ஷனா இருக்குது."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "வூட்ல கேக்காதீங்க. பட்டறைக்கு போங்க, வெளியாளுக்கு சொல்ற வெல இன்னான்னு கேளுங்க. சொல்லுவான்."

அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார். போனார், கேட்டார், தம்பியும் சொன்னார். சமையலறை ஜன்னல் இப்போது அழுத்தமான சட்டத்தில் இருக்கிறது. கொடுத்தது கொஞ்சம் ஜாஸ்தி என்று அண்ணியும், வாங்கியது கொஞ்சம் ஜாஸ்தி என்று தம்பியும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து சொன்னார்கள்.