ரோட்டுக்கு அடியில் போன படி

1. சேர்மன் கேட்ட ஒரே கேள்வி

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலத்தில், ஜில்லா அலுவலகத்திலிருந்து எங்கள் நகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. ஹவுராவுக்கு வடக்கே, ஆற்றோரமாக இருக்கும் சின்ன நகராட்சி. பெயர் வேண்டாம். அங்கே நான் இன்ஜினியர். ஆற்றுக்கு அக்கரையில் லேக் மார்க்கெட்டில் வீடு. பஸ், லாஞ்ச், லோக்கல் ரயில் என்று மூன்று மாறித்தான் வேலைக்குப் போவேன். என் சர்வீஸில் பாதி அந்த லாஞ்சில் தண்ணீரைப் பார்த்தபடி கழிந்தது.

ஊருக்கு நடுவே போகும் பெரிய ரோடு மட்டும் ஜில்லாவுக்குச் சொந்தம். அதைப் புதிதாகப் போடப் போகிறார்களாம். செலவில் ஒரு பங்கை நகராட்சி ஏற்றால், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரு பக்கமும் சாக்கடை கட்டிப் போடுவார்கள். ஏற்காவிட்டால் இருக்கிற ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு. அடுக்கு என்றால் ரோடு நாலு விரல் உயரும். வீடு உயராது. அப்புறம் மழைத் தண்ணீருக்கு வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

சேர்மன் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அங்கே வங்காளத்தில் நடந்த பேச்சையெல்லாம் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“ரோடு அவங்களோடதாம், அதுல நிக்கிற தண்ணி மட்டும் நம்மளோடதாம். நல்ல நியாயம் மேடம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாம பங்கு குடுத்தா தண்ணி வடியுமா, வடியாதா? வடியாதுன்னா அந்தப் பணத்துல ரெண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாத்திருவேன்.”

பத்து நாளில் சொல்கிறேன் என்றேன்.

2. தலைகீழாகத் தொங்கிய தெரு

ரோட்டின் உயரத்தை அளக்க லெவல் கருவி வேண்டும். புதுக் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. பீரோவிலிருந்து பழைய டம்பி லெவலை எடுத்தேன். அதில் கண்ணை வைத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்தக் காலத்துக் கண்ணாடி அப்படி.

வேலை சுலபம். உயரம் ஏற்கெனவே தெரிந்த ஒரு குறியில் தொடங்கி, ரோடு நெடுக அளந்துகொண்டே போய், உயரம் தெரிந்த இன்னொரு குறியில் முடிக்க வேண்டும். அங்கே கணக்கு ஒத்துப்போனால்தான் வேலை சரி. இதற்கு லெவலை மூடுவது என்று பெயர். தொடக்கக் குறி ரோட்டோரத்துக் கேரம் கிளப்பின் வாசல்படியில் இருந்தது. பத்து வருடம் முன்னால் நானே கொத்தச் சொல்லிச் சிவப்பு அடித்த அம்பு. முடிவுக் குறி ரோட்டின் கோடியில், கால்வாய் மதகின் கல்லில்.

அன்று காலை லேசான தூறல். அளவுகோலைப் பிடிக்கும் ஹாருதா, என்னோடு இருபது வருடம் நடந்த மனிதர், கண்ணாடிக்குள் வௌவால் மாதிரி தொங்கினார். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாக்கள் வானத்தில் ஓடின. குட்டைகளெல்லாம் மேலே மின்ன, ஆட்கள் குடைமேல் நின்று போவதுபோல் மெல்லப் போனார்கள். பேச்சியம்மா கடையின் இட்லி ஆவி கீழ்நோக்கி இறங்கியது. எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஹாருதா கை வலிக்கிறதென்று கத்தியபோதுதான் எனக்கு நினைவு திரும்பியது.

அதற்குள் மழை வலுத்துவிட்டது. மதகு வரை இன்னும் அரை கிலோமீட்டர், வழியெல்லாம் சேறு. மதகின் உயரம்தான் பழைய வரைபடத்தில் இருக்கிறதே, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கருவியை மூடினேன். மறுநாளும் போகவில்லை.

3. பேச்சியம்மாவின் சிரிப்பு

பேச்சியம்மா கோவில்பட்டிப் பக்கம். புருஷன் பரமசிவம் இங்கே ஒரு பட்டறையில் வேலைக்கு வந்தவர். பட்டறை மூடியபின் இருவரும் இந்த இட்லிக் கடையில் உட்கார்ந்தார்கள். வாடகை இடம், ஓட்டுக் கூரை.

“ரோடு ரொம்ப ஒசந்து போச்சு யக்கா,” என்றாள் அன்று.

லெவல் புக்கைப் பிரித்துப் பார்த்தேன். “பத்து வருஷத்துல ஒரு அங்குலம்தான் பேச்சி.”

அவள் சிரித்தாள். “ஒரு அங்குலமா? பொறவு எதுக்கு நாங்க தரையை மேடு பண்ணோம்? எங்க வீட்டுக்காரர் தலை எதுக்கு உத்திரத்துல இடிக்கி? இன்னொருக்க ரோடு ஏறிச்சுன்னா தரைய ஏத்த எடமில்ல பாத்துக்கிடுங்க. கிரைண்டரத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்க யாரு இருக்கா எங்களுக்கு?”

“கருவி பொய் சொல்லாது,” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அலுவலகத்தில் கணக்குப் போட்டேன். தாரைச் சுரண்டியபின் நிற்கும் ரோட்டு மட்டத்துக்கும் மதகுக்கும் போதுமான சரிவு இல்லை. சாக்கடை கட்டினாலும் தண்ணீர் வடியாது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். சேர்மன் முகத்தில் நிம்மதி. திங்கட்கிழமை கூட்டத்தில் பங்கு தர இயலாது என்று தீர்மானம் போடுவதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். பாதி சொல்லிவிட்டு, அவள் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டேன்.

“இங்கன வாங்க,” என்றாள். வாசலில் கிடந்த சாக்கை உதறிப் பலகையைத் தூக்கினாள். அடியில் இடுக்கான பள்ளம். அதில் ஓரம் தேய்ந்த ஒரு சிமென்ட் படி. “இது வெளிய இருந்த படி. நீங்க மொதல்ல அளக்க வந்தப்ப இதுல உக்காந்துதான் காபி குடிச்சிய. மறந்துட்டியளா?”

மறக்கவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து, மடியில் லெவல் புக்கை வைத்து எழுதியது, கால் கீழே ரோட்டில் பட்டது, எல்லாம் நினைவு வந்தது. குனிந்து டேப்பைப் பிடித்தேன். பள்ளத்தின் அடியில் தெரிந்த பழைய ரோட்டின் ஓரத்திலிருந்து இப்போதைய ரோட்டின் மேல்தளம் வரை ஆறு அங்குலம்.

என் புத்தகத்தில் ஒன்று.

4. அக்கறையாகக் காப்பாற்றிய குறி

கிளப்புக்கு ஓடினேன். செயலாளர் சமீர்தா கேரம் ஆடிக்கொண்டிருந்தார். வாசல்படியை எப்போதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன்.

“மாத்தாம? மழைத் தண்ணி ஏறுதுன்னு பூஜைப் பண்டிகைக்கு முன்னால ஒரு செங்கல்லைக் குத்துவாட்டுல வெச்சு ஒசத்தினோம் அக்கா. ஆனா உங்க குறியை விடலை. சர்க்கார் குறியாச்சே. மேஸ்திரியை வெச்சு மேல அதே எடத்துல, அதே மாதிரி கொத்தினோம். பெயிண்ட்கூட அதே சிவப்பு. எப்படி?”

குத்துவாட்டில் நிறுத்திய செங்கல் ஐந்து அங்குலம். குறி ஐந்து அங்குலம் ஏறிவிட்டது, நான் அதைப் பழைய உயரமாகவே எடுத்துக்கொண்டேன். அதனால் நான் அளந்த ரோடு முழுக்க, காகிதத்தில் ஐந்து அங்குலம் தாழ்ந்துபோயிற்று. உண்மையில் சரிவு தாராளமாக இருக்கிறது. தண்ணீர் வடியும். மதகு வரை நடந்து மூடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு டீ சொல்லிவிட்டார். என்னத்தைத் திட்டுவது?

5. கூட்டம்

திரும்பும்போது லாஞ்சில் ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஓய்வுக்கு ஒரு வருடம்தான். யாருக்கும் தெரியப் போவதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் லாஞ்ச் பாபுகாட் துறைக்கு வரும்வரை அந்த நினைப்பு என்னோடு இருந்தது.

திங்கட்கிழமை எழுந்து நின்று, “நான் குடுத்த லெவல் தப்பு,” என்றேன்.

ஓர் உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம், “வயசாச்சு, கண்ணு தெரியலை போல,” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கண்ணு நல்லாத்தான் இருக்கு. மதகு வரைக்கும் நடக்காதது காலு,” என்றேன்.

சேர்மன் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “தப்புன்னு எழுதிக் குடுங்க. ஃபைல்ல இருக்கட்டும். மறுபடி அளங்க. இந்தத் தடவை நானும் வர்றேன்.”

வந்தார். முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. பேச்சியம்மா கடை முன்னால் கருவியில் கண்ணை வைத்தவர், எடுக்கவே இல்லை. வாசலில் பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“எல்லாம் தலைகீழா இருக்கே மேடம்.”

“பழகிடும் சார்.”

“அந்த ஆள் எப்பவுமே இப்படிக் குனிஞ்சுதான் நடப்பாரா?”

“அவர் கடைக்குள்ள மட்டும்.”

இந்தத் தடவை ரயில் ஸ்டேஷன் கல்லில் இருக்கும் குறியில் தொடங்கி, சேற்றில் இறங்கி மதகு வரை போனோம். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் லெவல் மூடிற்று. அடுத்த கூட்டத்தில் பங்கு தருவதென்று தீர்மானம் நிறைவேறியது. பள்ளிக்கூடக் கூரை ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அங்கிருந்த தலைமை ஆசிரியை கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

6. படி

சுரண்டும் இயந்திரம் குளிர்காலத்தில் வந்தது. காலைப் பனியில் அது மெல்ல உறுமிக்கொண்டு போக, பின்னால் ரோடு ஒவ்வோர் அடுக்காக இறங்கிற்று. பனி விலகியபோது பேச்சியம்மா கடை வாசலில் அந்தப் படி முழுசாக வெளியே வந்திருந்தது. அவள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கடைசிக் குறி வரை நடந்து போய் மூடுங்கள், மழை பெய்தாலும். அந்த ரோட்டில் குடியிருப்பவர் சொல்வது உங்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் புத்தகத்தைச் சந்தேகப்படுங்கள். தப்பு எழுதிய கையாலேயே தப்பென்றும் எழுதுங்கள். நான் எழுதியது இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது.

அன்று பையில் உளியும் சிவப்புப் பெயிண்டும் கொண்டுபோயிருந்தேன். கிளப் படியை இனி நம்ப முடியாது, இந்தப் படியில் புதுக் குறி கொத்தலாம் என்று எண்ணம். பேச்சியம்மாவிடம் சொன்னேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. “கோவிச்சுக்கிடாதிய யக்கா. குறிய வேற எங்கயாச்சும் போட்டுக்கிடுங்க. இது உக்காருறதுக்கு.”

பெயிண்ட் டப்பாவைப் பைக்குள் போட்டேன். படி இன்னும் ஈரமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்தேன். கால் கீழே ரோட்டில் பட்டது. உள்ளே பரமசிவம் கடப்பாரையால் மேடு பண்ணின தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.