ரெய்னர்ஸ் லேனிலிருந்து பார்க்கிங்: என் மனைவி ஒரு போரை நிறுத்திய சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டனின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு, என் மனைவி சாவதைப் பார்க்கப் போனேன். பதற வேண்டாம். சாக இருந்தது அவள் மூன்று வருடமாக நடித்துவரும் பாத்திரம்: இலூரா என்ற காதல் தெய்வத்தின் தலைமைப் பூசாரிணி. இலூராவை எந்தப் புராணத்திலும் தேடாதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரின் வாடகை மண்டபம் ஒன்றில் கூடும் அறுபது பேர் சேர்ந்து கற்பனை செய்த உலகத்தின் தெய்வம் அது. வேடமிட்டு வருவார்கள். எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லை. அங்கேயே பேசி, அங்கேயே சண்டைபோட்டு, அங்கேயே சாவார்கள். இப்படி ஒன்றைப் பார்க்கப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மலேசியா, ஈப்போக்காரன். படிக்க வந்து இங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டவன். மனைவி சுபாவுக்கு யாழ்ப்பாணம். கவுன்சில் என்கிற நகராட்சியில், வீடு ஒதுக்கும் பிரிவின் முன்மேசையில் வேலை. மூன்று வருடமாகக் கூப்பிட்டும் நான் போனதில்லை. சோம்பல் பாதி, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம் பாதி. இந்தமுறை அவள் வேறு மாதிரிக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை எதிரிப் படை கோயிலுக்கு வருது. என்ரை பூசாரிணியைச் சாக்காட்டிப் போட்டினம் எண்டா அவ்வளவுதான், அவ திரும்பி வர ஏலாது. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

அதற்குப் பிறகும் சோபாவில் கிடந்தால் நான் மனிதனே இல்லை.

காலை 8.12க்கு ரெய்னர்ஸ் லேனில் மெட்ரோபொலிட்டன் லைன் பிடித்தோம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் மாறாதீர்கள், பெட்டியோடு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். கிங்ஸ் க்ராஸ் வரை போனால் அதே பிளாட்பாரத்தில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் வரும். அது நேராக பார்க்கிங்கில் கொண்டுபோய் விடும். மொத்தம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நடை பதினாறு நிமிடம். கிரீடம் வைத்த பெட்டியை நான்தான் இழுத்தேன்.

பார்வையாளர் கட்டணம் ஆறு பவுண்ட். வாசலில் தோளில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிடுவார்கள். அதைப் போட்டவன் ஆவி. விளையாடுபவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டான், வாயைத் திறக்கக் கூடாது. சாப்பாடு நீங்களே கொண்டுபோக வேண்டும். நாங்கள் எங்கள் பக்கத்துக் கடையில் வாங்கிய ரோல்ஸ் பன்னிரண்டு கொண்டுபோனோம். மதிய இடைவேளையில் பச்சை முகத்தோடு ஒரு பூதம் வந்து மூன்றைத் தின்றுவிட்டு, காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாவதைக் கேட்டது.

நடுவர்கள் காலையிலேயே விதிகளைச் சொன்னார்கள். இரண்டை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். பூசாரிணி ஆயுதம் தொடக் கூடாது, பேச்சு மட்டும்தான். கோயிலுக்குள் யாராவது தன் கையாலேயே ஆயுதத்தைக் கீழே வைத்தால், அன்றைக்கு அதை மறுபடி எடுக்க முடியாது.

மண்டபத்தின் ஒரு முனையில் சிவப்புத் துணி கட்டி, தரையில் ஒரு மரச்சட்டம் போட்டு, அதைக் கோயில் வாசல் என்று வைத்திருந்தார்கள். சுபா சிவப்புப் பட்டில், பொன்னிறக் கிரீடத்தோடு, விளக்குகளுக்கு நடுவே நின்றாள். காலையில் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தவள்தான். ஆனாலும் கிட்டப் போகச் சற்றுத் தயக்கமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மாலை 3.40. எதிரிப் படை வருகிறது என்று முரசு அடித்தார்கள். நல்ல படம் எடுக்க வேண்டும் என்று நான் கோயிலுக்குள் நகர்ந்தேன். உள்ளே போன பிறகுதான் பார்த்தேன்: அத்தனை பேரும் பூட்ஸோடும் செருப்போடும் நிற்க, நான் மட்டும் வாசலில் ஷூவைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கை தானாகச் செய்த வேலை. இடது காலுறையில் கட்டைவிரல் வேறு வெளியே. ஒரு நடுவர் முறைத்தார். எடுக்கப் போவதற்குள் எதிரித் தளபதி வந்துவிட்டான்.

ஆறடிக்கு மேல் உயரம், முழங்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ், கையில் நீள வாள். நுரைப்பஞ்சு வாள்தான், ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்? காதல் தெய்வத்தைக் கேலி செய்தான். பூசாரிணியின் தலை வேண்டும் என்றான். சுபா பேசினாள், அவன் சிரித்தான். மறுபடி பேசினாள், மரச்சட்டத்தை நோக்கி இன்னும் ஓரடி வைத்தான். அவள் விரல்கள் பட்டின் ஓரத்தைத் திருகுவதை நான் பார்த்தேன். மூன்று வருடம் தைத்து, படித்து, நடந்து பழகியதெல்லாம் போகப் போகிறது.

அப்போது அவள் கண் கீழே, என் ஷூவில் விழுந்தது.

"நில்" என்றாள். விளையாட்டு ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன். "இது வீடு. செத்துப்போனவர்களே இந்த வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள், பார். நீ உயிரோடு இருக்கிறாய். என்னைக் கொல்ல வேண்டுமென்றால் கொல். ஆனால் பூட்ஸோடு என் வீட்டுக்குள் வராதே."

குரலை உயர்த்தவே இல்லை. பதினொரு வருடமாகக் கவுன்சில் மேசையில், வீடு கிடைக்காத கோபத்தோடு வருகிறவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது.

தளபதி தன் காலைப் பார்த்தான். ஒரு கையால் முடிச்சை இழுத்தான், அவிழவில்லை. குனிந்தான். பிறகு வாளை மெல்லச் சட்டத்துக்கு உள்பக்கம் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். ஒரு பூட்ஸ் வந்தது, மற்றதும் வந்தது. காலுறையோடு உள்ளே வந்தவனின் தலையில் சுபா கை வைத்தாள். தளபதியிடம் இனி ஆயுதம் இல்லை என்று நடுவர் முரசை அடித்தார். போர் முடிந்தது.

ஆவி பேசக் கூடாது. ஆனால் கைதட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

வேடம் கலைத்த பிறகு அந்தத் தளபதி, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவராம், எங்களிடம் வந்தார். வாளை வைக்கும்போதே விதி ஞாபகம் வந்துவிட்டதாம். "ஆனால் அதற்குள் எனக்கு உள்ளே போக ஆசை வந்துவிட்டது" என்றார். இவள் என் மனைவி என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு அவசியம். பத்தரைக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்குக் கதவை மூடிவிடுவார்கள். நல்ல காலுறை போடுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் முதல் முறையே போங்கள். நான் தவறவிட்ட மூன்று வருடத்தை எந்த டிக்கெட் வாங்கியும் பார்க்க முடியாது.

திரும்பும்போது அவள் களைத்திருந்ததால் ஸ்டேஷனுக்கு மினிகேப் டாக்ஸி எடுத்தோம், ஏழு பவுண்ட். ஓட்டுநர் நம்மவர், ஐம்பது வயதிருக்கும். மடியில் கிரீடத்தோடு இருந்தவளைக் கண்ணாடியில் பார்த்தார்.

"கலியாண வீடோ அண்ணை?"

"இல்லைங்க" என்றேன். "இவங்க ஒரு தெய்வத்தோட தலைமைப் பூசாரிணி. இன்னிக்கு ஒரு போரையே நிறுத்திட்டாங்க." பிறகு ஸ்டேஷன் வரும்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கி என்னிடம் தந்தவர், சுபாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நான் கிளிநொச்சி. எங்கட வீட்டுக்கையும் ஆமிக்காரங்கள் பூட்ஸோடதான் வந்தவங்கள்." காரின் பின்கதவைச் சாத்தினார். "நீங்கள் அவனுக்குச் சொன்னதை ஒருக்கா எனக்கும் சொல்லுங்கோ."

சுபா என்னைப் பார்க்கவில்லை. கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்த நடைபாதையில் நிமிர்ந்து நின்று, "நில்" என்று தொடங்கி, இந்தமுறை தமிழில், முழுவதையும் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நான் பெட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். 6.04 வண்டி போய்விட்டது, போகட்டும்.