பஷீர் மேல் விழுந்த பழி

பஷீரின் ஃபர்னஸில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என் கையில் இருந்தது. மறைத்தவன் நான், பழியைச் சுமப்பவன் அவன்.

இதை அவனிடம் சொல்ல வக்கில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன்... முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

திருபுவனையில் ஒரு சின்ன கம்பெனி. நான் வெல்டர், அவன் ஃபர்னஸ் ஆபரேட்டர். இருவருக்கும் வில்லியனூர், ஒரே பைக்கில் போய் வருவோம். அவன் ஓட்டினால் சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போவார்கள். அவ்வளவு நிதானம். ஃபர்னஸிலும் அதே நிதானம்தான். சூடு காட்டும் முள் லேசாக அசைந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். கிண்டல் செய்வேனே தவிர, அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்றும்.

நாங்கள் செய்வது பம்புகளுக்கான ஷாஃப்ட். அந்த வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஃபர்னஸில் அளவான சூட்டில் இருந்து வந்தால்தான் உரமேறும். உரமேறிய பிறகு வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால், அதைக் கிரைண்டரால் தோண்டியெடுத்து, மறுபடி வெல்டிங் வைத்து, முதலிலிருந்து ஃபர்னஸில் ஏற்றியாக வேண்டும். வெந்த இட்லியில் ஓட்டை விழுந்தால் பச்சை மாவை வைத்து அடைத்தால் போதுமா? திரும்ப அவிக்க வேண்டாமா? அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஃபர்னஸிலிருந்து வந்த ஒரு ஷாஃப்டில், விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு டை பூசித் துடைத்துப் பார்த்தேன். நான் வைத்த வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு கோடு! மறுநாள் காலை லாரி ஏற வேண்டிய சரக்கு அது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் பஷீரின் தங்கை நஸ்ரினுக்கு நிக்காஹ்.

"மச்சான், எல்லாம் ஓகேவா? நான் கெளம்பட்டா? பந்தல்காரன் போன் மேல போன் போடறான்" என்று வாசலில் நின்று கேட்டான்.

சொல்லியிருந்தால் விடியும்வரை ஃபர்னஸ் பக்கத்திலேயே நின்றிருப்பான். அவனைத் தவிர அதை இயக்க ஆளுமில்லை. தங்கை கல்யாணம் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டான். அதனால்தான் சொல்லவில்லை...

"எல்லாம் ஓகேடா. நீ போ, நான் பஸ்ல வரேன்."

அவன் போனதும் விரிசலைத் தோண்டினேன். வெல்டிங் வைத்து அடைத்தேன். சூட்டில் படர்ந்த நீலத்தைப் பாலிஷ் போட்டுப் போக்கினேன். ஃபர்னஸில் ஏற்றவில்லை. மறுநாள் நிக்காஹ் விருந்தில் பிரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவனுக்காகத்தான் செய்தேனா? அந்த விரிசல் வேறொருவன் வெல்டிங்கில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேனா? நிச்சயம் திறந்திருப்பேன். இது எனக்கு அன்றே தெரியும்.

சில வாரங்களில் அந்த ஷாஃப்ட் திரும்பி வந்தது. வாங்கியவர்கள் ஓட்டிப் பார்த்தபோதே அதே இடத்தில் பிளந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. பிளந்த இடத்தில் உரமே ஏறவில்லை என்றது சோதனை. உரமேற்றுவது யார் வேலை? பஷீரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அவன் தலைகுனிந்து நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன்... நின்றேன், அவ்வளவுதான்! அவனை ஃபர்னஸிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள்.

அன்று மாலை பைக்கில் வரும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"கல்யாண அவசரம் மச்சான். நான்தான் இன்னாவோ கவனிக்காம வுட்டுட்டேன் போல. உன் வெல்டிங்குக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வச்சிக்காதடா."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்தக் கையை வைக்க எனக்கு என்ன தகுதி?

இப்போதெல்லாம் அவன் தன் கையையே நம்புவதில்லை. காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறான். இன்று காலையும் வீட்டைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டான்.

"நீ ஒரு வாட்டி பாத்துடு மச்சான். நீ சொன்னாதான் எனக்கு நிம்மதி."

பூட்டை இழுத்துப் பார்த்தேன். "பூட்டியிருக்குடா, வா" என்றேன்.