வளைவுக்கு மேலுள்ள ஜன்னல்

வசந்தம் வந்தால் ஏவிஸ் டிட்மார்ஷ் ஏணியில் ஏறி ஒரு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவார். கண்ணாடி இருக்கவேண்டிய இடத்துக்குக் கறுப்பு, சட்டங்களுக்கு வெள்ளை. அது ஜன்னலே இல்லை, செங்கல். அவர் நடத்தும் 'மூன்று புறாக்கள்' விடுதியின் பழைய மரக்கட்டிடத்துக்கு, எப்போதோ ஒரு முதலாளி செங்கல் முகப்பு ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் குதிரைக் கோச்சு வண்டிகள் நுழைந்த வளைவுக்கு மேலே மட்டும், ஜன்னல் வரிசை விட்டுப்போகக்கூடாது என்று பொய்யாக ஒன்று.

அதற்குப் பின்னாலுள்ள அறையில்தான் ஏவிஸின் கணவர் கிளெமென்ட் படுத்திருக்கிறார்.

கடைசியாகத் தன் காலாலேயே மாடி ஏறினார். பிறகு கால்கள் விழுந்துவிட்டன. படிக்கட்டு நத்தை ஓடுபோலச் சுருண்டது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மற்ற அறைகளில் தரை சரிவு. ஆளைத் தூக்கும் சக்கர இயந்திரம் தானாக உருண்டு சுவரில் முட்டுகிறது. வளைவின் பருத்த உத்திரங்கள்மேல் நிற்கும் அந்த அறையில்தான் தரை சமமாக இருக்கிறது. அதற்கு வெளிச்சம் முற்றத்துப் பக்கமிருந்து வருகிறது. தெரு தெரியாது.

"ஒரு ஓட்டை போடச் சொல்லேன், ஏவிஸ். சந்தை தெரியுற அளவுக்கு" என்றார் கிளெமென்ட்.

பழைய கட்டிடங்களில் கைவைக்க அனுமதி தரவேண்டிய நகரக் கவுன்சிலிலிருந்து ஒரு இளம்பெண் வந்து பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க மேடம். இது ஆரம்பத்துலேர்ந்தே பொய் ஜன்னல். திறந்தா கட்டிடத்தோட முகமே மாறிடும்."

"உள்ள ஒரு மனுஷன் இருக்காரும்மா."

"புரியுது மேடம்." நிஜமாகவே கண் கலங்கியிருந்தாள். "பழைய வர்ணத்தையே அடிக்கறதுன்னா அடிச்சுக்கலாம்."

அன்று விடுதி பாரில் கசாப்புக்கடை ராய்லண்ட் சொன்னார்: "பேசாம அதுல அவன் மூஞ்சிய வரைஞ்சிரு ஏவிஸ். அசலைவிட நல்லாத்தான் இருப்பான்."

ஏவிஸும் சிரித்தார். பிறகு பீப்பாய் பார்க்கவென்று நிலவறைக்குப் போனவர் வெகுநேரம் மேலே வரவில்லை.

விடுதியின் பழைய குதிரை லாயத்தில் நான் வாடகைக்கு இருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஏணியைப் பிடித்தது நான்தான். கீழே சந்தை.

"கிளெமென்ட்டை விசாரிச்சேன்னு சொல்லு!" என்று கத்தினாள் முட்டைக்காரி. கத்திவிட்டு, வர்ணம் காயாத அந்தக் கறுப்பைப் பார்த்தே கையசைத்தாள். ஏவிஸ் தூரிகைக் காம்பால் பக்கத்துச் செங்கல்லில் தட்டினார். காதை வைத்துப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

சாயங்காலம் தேநீர்த் தட்டோடு நானும் மாடிக்குப் போனேன்.

"தட்டினேனே, கேட்டுச்சா?"

"எப்போ?" என்றார் கிளெமென்ட். "யாராச்சும் கை காட்டினாங்களா?"

"முட்டைக்காரி காட்டினா."

"நானும் காட்டினேன்னு சொல்லிடு."

சுவரைப் பார்த்துத் தன் கையை ஒருமுறை தூக்கிக் காட்டினார். ஏவிஸ் என்னிடமிருந்து தட்டை வாங்கினார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.